தஞ்சோங் பகாரில் எங்க அப்பாயி

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். எட்டு நிமிஷத்துல வணக்கத்துக்கு இவ்வளவுதான் ஒதுக்க முடியும்.

'1965இல் பிறந்த சிங்கப்பூர் என்னும் இளங்குடியரசை நிமிர்த்தியது நில மேம்பாடா, வெளியுறவா?' இதுதான் தலைப்பு. வெளியுறவேன்னு சொல்ல நாங்க வந்திருக்கோம். எதிரணித் தலைவி 1960ல வீவக, அதாவது அரசாங்க வீடு கட்டுற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், 1966ல நில எடுப்புச் சட்டம்னு மாடி மேல மாடி வச்சுப் பேசினாங்க. கேட்ட எனக்கே லிஃப்ட்ல போற மாதிரி இருந்துச்சு. கடைசியில ஒரு போடு போட்டாங்க பாருங்க: "வெளியுறவு பேச வந்தவர், எதிர்வீட்டுக்காரரோட பேசி மூணு வருஷமாச்சு!"

உண்மைதாங்க. தகவல் கொடுத்தவங்க மூணாவது வரிசையில உட்கார்ந்திருக்காங்க. அதை நான் வீட்டுல போய்ப் பேசிக்கிறேன், அங்க நடுவர் கிடையாது. அந்த எதிர்வீட்டு விஷயத்துக்கு வர்றேன். முதல்ல எங்க அப்பாயி.

2003ல துறையூர்ப் பக்கத்துலேருந்து அப்பாயி வந்திருந்துச்சு. மலேசியாவுல, ஜொகூர்ல சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். தஞ்சோங் பகார் ஸ்டேஷன்ல ரயில் ஏறணும். சிங்கப்பூர் ஊருக்குள்ள இருந்தாலும் அது மலேசிய ரயில்வே ஸ்டேஷன். சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை 1998லயே எல்லையோரத்து உட்லண்ட்ஸுக்கு மாத்திடுச்சு. மலேசியா மாட்டேன்னு தஞ்சோங் பகார்லயே உட்கார்ந்திருந்துச்சு. அதனால முதல்ல மலேசிய அதிகாரி பார்த்து உள்ள விடுவார். அப்புறம் ரயில் ஊரைக் கடந்து உட்லண்ட்ஸ் போனதும், மூட்டை முடிச்சோட இறங்கி, சிங்கப்பூர் அதிகாரிக்கிட்ட வெளிய போக அனுமதி வாங்கணும்.

அப்பாயி கேட்டுச்சு: "இப்ப எந்த நாட்டுல இருக்கேன்?"

"மலேசியாவுக்குள்ள வந்தாச்சு அப்பாயி."

"சிங்கப்பூரை விட்டுப் போயாச்சா?"

"இன்னும் இல்ல."

ஜன்னல் வழியா பார்த்துச்சு. அடுக்குமாடி புளோக்கு, கொடியில காயற லுங்கி. மறுபடியும் என்னைப் பார்த்துச்சு. "ஏன்டா, புகுந்த வீட்டுல குத்துவிளக்கு ஏத்திட்டு வந்து, பொறந்த வீட்டுல போயிட்டு வர்றேன்னு சொல்லச் சொல்றானுங்களா?"

ஐயா, இருபது வருஷம் ரெண்டு அரசாங்கமும் பக்கம் பக்கமா எழுதின சிக்கலை எங்க அப்பாயி ஒரு வரியில முடிச்சிடுச்சு! அதோட விட்டுச்சா? உட்லண்ட்ஸ்ல வரிசையில நின்னு, அந்த இளவயசு அதிகாரிக்கிட்டப் போய், "தம்பி, நான் அங்க போய் அரை மணி நேரமாச்சுப்பா" அப்படின்னுச்சு. நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்ன பதில் சொல்லியிருப்பார்? அப்பாயி சொன்னதுல தப்பே இல்லையே!

எதிரணித் தலைவி அவர்களே, உங்க 1966 சட்டம் அப்ப எங்கம்மா போச்சு? தென்னந்தோப்பை எடுத்துச்சு, கம்பம்னு சொல்ற கிராமத்தை எடுத்துச்சு, தண்டவாளத்து ஓரம் வந்ததும் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. அது 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி ரயில்வேக்குப் போன நிலம், 999 வருஷக் குத்தகை. வீவக நமக்குக் கொடுக்கிறது 99. நமக்கு ஒரு ஒன்பது குறைச்சல்!

இப்ப எதிர்வீடு. அவர் செருப்பு ரேக் என் கதவு வரைக்கும் வந்துச்சு. என் கறிவேப்பிலைத் தொட்டி அவர் ஜன்னலுக்குப் போச்சு. பேச்சு நின்னுச்சு. இதுல என்ன கேவலம்? 1990ல ரயில் நிலத்துக்கு ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுச்சு. போட்ட கையெழுத்து காயறதுக்குள்ள, எழுதினதுக்கு இது அர்த்தம், அது அர்த்தம்னு சண்டை. 2010லதான் முடிஞ்சுது. இருபது வருஷம்! எனக்கு மூணுதான் ஆகுது. இன்னும் பதினேழு வருஷம் பாக்கி இருக்கு நடுவர் அவர்களே!

எப்படி முடிஞ்சுது? ரயில்வே விட்டுக் கொடுத்த ஆறு துண்டு நிலத்துக்குப் பதிலா மரினா சவுத்ல நாலு, ஓபிர்-ரோச்சோர்ல ரெண்டு. மலேசியாவுக்கு அறுபது பங்கு, சிங்கப்பூருக்கு நாற்பது பங்குன்னு ஒரே கம்பெனி. இன்னைக்கு நீங்க அண்ணாந்து பார்க்கிற மரினா ஒன், டுவோ கோபுரமெல்லாம் அங்க முளைச்சதுதான். உங்க அணிக்காரர் டுவோ படத்தைக் காட்டி நில மேம்பாடுன்னார். அது எங்க பிள்ளை சார், நீங்க பேர் வச்சுட்டுப் போறீங்க! செருப்பு ரேக்குக்கும் கறிவேப்பிலைக்கும் நானும் அறுபது-நாற்பது பேசிக்கிட்டிருக்கேன், என் மனைவி மூலமா. தலைவிக்கு அது தெரியாம போச்சு.

எங்கப்பா கிராஞ்சி ரோட்டுல ரயில் கேட்டுக்காரர். மலாயன் ரயில்வே சம்பளம், சிங்கப்பூர் மழை. மணி அடிச்சா சோத்துத் தட்டை அப்படியே வச்சுட்டு ஓடுவார். கொடி ஒரு கையில, குழம்பு ஒரு கையில. அப்புறம் ரிட்டையர் ஆயிட்டார். 2011 ஜூன் 30 ராத்திரி, தஞ்சோங் பகாரோட கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிக்கிட்டுப் போனார். ஊரே ஸ்டேஷன்ல போட்டோ எடுத்துச்சு. அப்பா அங்க வரல. கிராஞ்சி கேட்டுக்கிட்டப் போய் நின்னார். ரயில் போச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அவர் மட்டும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்துட்டு, கேட்டைத் திறக்கிற வரைக்கும் நின்னுட்டு வந்தார்.

ஒப்பந்தம் நல்ல ஒப்பந்தம். நான்தான் இப்ப அதுக்காகப் பேசிக்கிட்டிருக்கேன். ஆனா அப்பாவோட அந்தப் பாதையில இப்ப நடக்கப் போனா, தண்டவாளம் இல்ல, புல்லுதான். கேட் இருந்த இடம் வந்ததும் அப்பா என் மகளுக்கு முன்னால கையை நீட்டித் தடுப்பார். "நில்லும்மா. வண்டி வருதான்னு பாரு." அவளும் நிப்பா. நானும் நிப்பேன். என்ன சொல்றதுன்னு தெரியாம...

நடுவர் மணி அடிச்சுட்டார். கேட்டுக்காரர் மகன் நான், மணி அடிச்சா சாத்திடணும். வணக்கம்.