நாப்கினா, நாக்கா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "மாதவிடாய்ச் சங்கடம் தீர மாணவர்கள் முதலில் செய்ய வேண்டியது நாப்கின் கொடுப்பதா, நாக்கைத் திறப்பதா?" இதுதான் தலைப்பு. மதுரையில், அதுவும் பட்டிமன்ற மேடையில் நின்றுகொண்டு, பேச்சுக்கு இரண்டாவது இடம்தான் என்று வாதாட வந்திருக்கிறேன். என் நிலைமையைப் பாருங்கள்!

எதிரணித் தோழி உருக்கமாகப் பேசினார். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புப் பிள்ளையை வாசற்படியில் உட்காரவைத்துப் பரீட்சை எழுத வைத்தார்களே, அங்கே இல்லாதது நாப்கினா, மனசா என்று கேட்டார். நம்ம டி.கல்லுப்பட்டி பக்கம் கூவலப்புரத்தில், அந்த நாட்களில் பெண்கள் ஒதுங்கித் தங்கும் முட்டுத்துறையையும் சொன்னார். நியாயம்தான். அந்தச் சுவரை ஒரு பாக்கெட் நாப்கின் இடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் மனசு மாறும்வரை உதிரம் காத்திருக்குமா?

எங்கள் வகுப்பில் அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வரும் தோழி ஒருத்தி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நல்ல திட்டம். அதனாலேயே அவள் பையில் பத்து ரூபாய்கூட இருக்காது. ஒருநாள் இரண்டாவது பீரியட் (சிரிக்காதீர்கள், வகுப்பைச் சொல்கிறேன்) முடிந்து மணி அடித்தும் அவள் பெஞ்சை விட்டு எழவில்லை. கடைசியில் துப்பட்டாவை இடுப்பில் சுற்றி, நான் முதுகோடு ஒட்டி நடக்க, பஸ் ஸ்டாப் வரை போனோம். அன்றைக்குக் கருத்தரங்கம் நடத்தியிருந்தால் அவள் உட்கார்ந்தே இருந்திருப்பாள்.

"அரசுதான் புதுயுகம் திட்டத்தில் சும்மா தருகிறதே?" தருகிறது, 10 முதல் 19 வயது வரை. கல்லூரி மூன்றாம் ஆண்டில் எங்களுக்கு 20 ஆகிவிடுகிறது. கேக் வெட்டியதும் நின்றுவிடுகிற சமாசாரமா இது? 2018 ஜூலையில் நாப்கின்மீது இருந்த 12 சதவீத ஜிஎஸ்டியையும் எடுத்தார்கள். காசே இல்லாதவளுக்கு வரி இருந்தால் என்ன, போனால் என்ன?

ஆளுக்கு 20 ரூபாய் போட்டோம். ஒரு பழைய ஷூ டப்பா நிறைய நாப்கின், பாத்ரூம் ஜன்னல் திட்டில். எடுப்பவர் பெயர் எழுத வேண்டாம். முதல் வாரமே டப்பாவையே யாரோ தூக்கிக்கொண்டு போனார்கள், அது வேறு கதை. அப்புறம், வாங்கிவரும் முறை எங்கள் வகுப்புப் பையன் ஒருவனுக்கு வந்தது. கடைக்காரர் வழக்கம்போலப் பேப்பரில் சுற்றி, மேலே ஒரு கறுப்புக் கவரும் போட்டு, அக்கம்பக்கம் பார்த்து நீட்டினார். இவன், "அண்ணே, பிஸ்கட் மாதிரி அப்படியே குடுங்க, பேப்பராவது மிஞ்சும்" என்று கையில் பிடித்தபடி டவுன் ஹால் ரோடு முழுக்க நடந்து வந்தான். விழிப்புணர்வுக் கூட்டத்தில் கடைசி வரிசையில் போன் நோண்டியவன் நடுவரே இவன்! டப்பாவை நிரப்பப் போனபிறகுதான் இவனுக்கு நாக்கு திறந்தது.

2017இல் இங்கிலாந்தில் அமிகா ஜார்ஜ் என்ற 17 வயது மாணவி கேட்டதும் பொருளைத்தான்: பள்ளியில் இலவச நாப்கின். அதைக் கேட்கப்போய்த்தான் நாடே பேசியது. 2020 ஜனவரியில் அங்கே பள்ளிகளுக்கு வரத் தொடங்கியது.

சரி, மணி அடித்துவிட்டீர்கள். ஒன்றே ஒன்று. எதிரணித் தோழியும் இந்த மாதம் எங்கள் டப்பாவுக்கு 20 ரூபாய் தந்தார் நடுவரே. பேசாமல்தான் தந்தார்.