வலத்தோள் பக்கம் நிற்கும் குதிரை

நேயர்களுக்கு வணக்கம். ஒரு குதிரையோடு எனக்கு ஏற்பட்ட பழக்கம் பன்னிரண்டு உடைகள் கொண்ட ஒரு தொகுப்பாக எப்படி உருவாயிற்று என்பதைச் சொல்லும்படி வானொலி நிலையத்தார் கேட்டிருக்கிறார்கள். முதலில் நான் வரைந்தவை நாற்பதுக்கும் மேற்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றை நானே கிழித்துப் போட்டேன்.

பந்தயங்களில் ஓடி ஓய்ந்த குதிரைகளில் சில, சவாரி கற்றுத்தரும் இடங்களுக்கு வந்து சேர்வதுண்டு. சென்னையில் அப்படி வந்தவள்தான் நான் பழகிய குதிரை. பந்தயத்தில் அவளுக்கு நீளமான ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. ஆனால் லாயத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட பெரியவர் நிறத்தை வைத்துச் செவலை என்றுதான் கூப்பிடுவார், எனக்கும் அதுவே வாயில் வந்துவிட்டது. நான்கு ஆண்டுகள், வாரத்தில் மூன்று நாள் காலையில் அவளிடம் போவேன். சவாரி செய்த நேரத்தைவிட, அவளுக்கு உடம்பு தேய்த்துவிட்ட நேரமும், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்த நேரமும்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

தொகுப்பு என்று யோசிக்கத் தொடங்கியதும், யாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். புடவைக் கரையில் பாய்ந்தோடும் குதிரைகள், மேலாடையின் முதுகில் பெரிதாக ஒரு குதிரைத் தலை, லாட வடிவில் பொத்தான்கள் என்று வரைந்து தள்ளினேன். அந்தத் தாள்களை ஒரு நாள் லாயத்துப் பெரியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தாம்மா இருக்கு, ஆனா இது எந்தக் குதிரையா வேணும்னாலும் இருக்கலாமே" என்றார். அவருக்கு ஆடை வடிவமைப்பு தெரியாது. எனக்கோ அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு ஆறு மாதம் பென்சில் ஓடவில்லை.

அந்த ஆறு மாதத்தில், குதிரையோடு வாழ்ந்த மனிதர்கள் தங்கள் உடையை எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்று தேடிப் படித்தேன். சீனாவின் சின்ஜியாங் பகுதியில், துர்பான் அருகே யாங்ஹாய் என்னும் இடுகாட்டில் கிடைத்த கம்பளிக் கால்சட்டைகள் கி.மு. 13 முதல் 10ஆம் நூற்றாண்டுக்குள் நெய்யப்பட்டவை. இதுவரை கிடைத்த கால்சட்டைகளில் மிகப் பழமையானவையாகக் கருதப்படுபவை. அவற்றில் கத்தரியே படவில்லை. இரண்டு கால்களையும் தேவையான அளவுக்குத் தறியிலேயே தனித்தனியாக நெய்து, நடுவில் படிப்படியாக அகன்று வரும் கவட்டுத் துண்டு ஒன்றையும் தனியாக நெய்து, மூன்றையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். கால்களை அகட்டி ஒரு விலங்கின் முதுகில் உட்கார வேண்டும் என்ற தேவை இல்லாவிட்டால் அந்த அகலமான நடுத்துண்டுக்கு வேலையே இல்லை. 1897ஆம் ஆண்டு விக்டோரியா அரசியின் வைர விழாவுக்கு ஜோத்பூர் அரச குடும்பத்தின் சர் பிரதாப் சிங், குதிரைமேல் அமர்ந்து ஆடும் போலோவில் தம் ஆட்டக்காரர்களுடன் இங்கிலாந்துக்குப் போனபோது, அவர்கள் அணிந்திருந்த கால்சட்டை அங்கே ஜோத்பூர்ஸ் என்றே பெயர் பெற்றது. இடுப்பிலிருந்து முழங்கால் வரை தொளதொளவென்றும் அதற்குக் கீழே காலோடு ஒட்டியும் இருக்கும் அந்த வடிவமும், இழுத்தால் நீளும் துணி இல்லாத காலத்தில் தொடைக்கு இடம் கொடுக்கச் செய்த ஏற்பாடுதான். இதைப் படித்தபோது, குதிரை துணியின் மேல் வர வேண்டியதில்லை, வெட்டில் வந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.

நம் குர்தாவையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஸ்லிட் வைத்த குர்தாவைப் போட்டுக்கொண்டு சேணத்தில் உட்கார்ந்தால், பின்பகுதித் துணி முழுவதும் உட்காரும் இடத்தில் மாட்டிக்கொள்கிறது. சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடியில் கால் ஊன்றி எழுந்து எழுந்து உட்காரும்போதெல்லாம் அது கழுத்தைப் பின்னால் இழுக்கிறது. பக்கத்து ஸ்லிட்டுகளை மூடிவிட்டு, முதுகின் நடுவில் இடுப்பிலிருந்து ஒரே ஒரு ஸ்லிட் வைத்தால், துணி சேணத்தின் இருபுறமும் பிரிந்து விழுகிறது. ஆங்கிலேயரின் சவாரிக் கோட்டுக்குப் பின்னால் பிளவு இருப்பதற்கும் இதே காரணம்தான்.

மேலாடையின் வலக்கைக்குச் செய்த மாற்றம் இன்னும் நுணுக்கமானது. குதிரையை நடத்திச் செல்பவர் அதன் இடப்பக்கத்தில் நடப்பதே வழக்கம் என்பதால், குதிரை எப்போதும் நமக்கு வலத்தோள் பக்கத்தில் இருக்கும். செவலை நடந்துகொண்டே என் வலக்கையின் மேற்பகுதியில் மூக்கைத் தேய்ப்பாள், முகத்தைச் சொறிந்துகொள்வாள், புல் மென்ற பச்சை எச்சிலைத் துடைப்பாள். நான்கு ஆண்டுகளில் என் சட்டைகள் அனைத்திலும் வலக்கை மட்டும் நைந்திருந்ததை ஒரு நாள் துணி மடிக்கும்போதுதான் கவனித்தேன். அதனால் தொகுப்பின் எல்லா மேலாடைகளிலும் இடக்கையை ஒற்றைத் துணியிலும், வலக்கையைத் தோளிலிருந்து முழங்கை வரை இரட்டைத் துணியிலும் தைத்தோம். இரண்டு கைகளும் ஒரே மாதிரி இல்லாத உடையை வெட்டுவதற்கு என் கட்டிங் மாஸ்டர் முதலில் ஒப்பவே இல்லை. வாங்குபவர்கள் தையல் பிழை என்று திருப்பிக் கொண்டுவருவார்கள் என்றார். அப்படிச் சிலர் கொண்டுவரவும் செய்தார்கள்.

துணியைத் தேர்ந்தெடுத்ததில் செவலையின் காதுகளுக்கு நேரடிப் பங்கு உண்டு. குதிரை தன் இரு காதுகளையும் தனித்தனியாகத் திருப்பவல்லது. எதைக் கவனிக்கிறது, எதற்கு அஞ்சுகிறது என்பதை முதலில் சொல்வது காதுதான். ஒரு மழைக்காலக் காலையில் என் மழைக்கோட்டின் வெல்க்ரோவைச் சர்ரென்று பிரித்தேன். செவலை இரண்டடி பின்னால் துள்ளி, கயிறு என் உள்ளங்கையை உரித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு துணியையும் அவளுக்குச் சற்றுத் தள்ளி நின்று கசக்கிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். மொடமொடவென்று ஒலிக்கும் பட்டு வகைகளும் நைலானும் போயின. வெல்க்ரோ, பிரஸ் பட்டன், ஜிப் எல்லாம் போயின. பலமுறை துவைத்த தடித்த கைத்தறிப் பருத்தியும், நாடாவும், துணி சுற்றிய பொத்தானும் நின்றன.

நிறத்திலும் அவளைக் கேட்டுக்கொண்டேன் என்று சொல்லலாம். குதிரையின் கண்ணுக்கு நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்பையும் பச்சையையும் அது பிரித்தறியாது. நாம் சிவப்பு என்று பெயர் வைத்த அவளுடைய நிறம் அவளுக்கே தெரியாது என்பது எனக்குச் சற்று வருத்தமாகக்கூட இருந்தது. எங்கள் இருவருக்கும் பொதுவான அவுரி நீலத்தையும் மஞ்சளையும் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இவ்வளவு செய்த பிறகும் பெரியவரின் கேள்வி தீரவில்லை. இந்த வெட்டுகள் எந்தக் குதிரைக்கும் பொருந்துமே. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தைக்குப் போனபோதுதான் விடை கிடைத்தது. குதிரை வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்த்தார்கள், குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள், பிறகு நெற்றியையும் கழுத்தையும் நீவி, நல்ல சுழியா கெட்ட சுழியா என்று வெகுநேரம் பேசினார்கள். சுழிக்குச் சொல்லும் பலனில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மயிர் சுழித்து வளரும் இடமும் விதமும் குதிரைக்குக் குதிரை வேறுபடும். அதனால்தான் பந்தயக் குதிரைகளின் அடையாளப் பதிவுகளில் சுழிகளையும் குறிக்கிறார்கள். திரும்பும் வழியில் பவானியில் இறங்கி, தடித்த கோடுகள் போட்ட ஜமக்காளம் இரண்டு வாங்கினேன். பின்னர் அவை மேலங்கிகளின் தோள்பட்டைத் துண்டுகளாயின. சென்னை வந்ததும் செவலையின் நெற்றியில் மெல்லிய தாளை வைத்து அவளுடைய சுழியைப் பிரதி எடுத்தேன். அவள் தலையை ஆட்டி மூன்று தாள்களைக் கிழித்தாள், நான்காவது தேறியது. பன்னிரண்டு உடைகளிலும் கழுத்துக்குக் கீழே, முதுகின் உட்பக்கத்தில், அந்தச் சுழி நூல் தையலாக இருக்கிறது. அணிபவருக்கு மட்டுமே தெரியும்.

2023 மார்ச்சில் பாரிஸில், எக்கோல் மிலிட்டேர் ராணுவப் பள்ளியின் குதிரைப் பயிற்சிக் கூடத்தில் ஆங்கிலேய உடை வடிவமைப்பாளர் ஸ்டெல்லா மெக்கார்ட்னி தம் தொகுப்பைக் காட்டியதையும் இங்கே சொல்ல வேண்டும். அவருடைய தாயார் லிண்டா குதிரைகளை மிகவும் நேசித்தவர். ழான் பிரான்சுவா பிஞ்ஞோன் என்பவர் பழக்கிய வெள்ளைக் குதிரைகள், கடிவாளமும் சேணமும் இல்லாமல், மாடல்கள் நடந்த அதே மண்ணில் ஓடின, புரண்டன. காணொளியில் பார்த்த எனக்கு உடைகள் சரியாக நினைவில்லை, குதிரைகள்தான் நினைவிருக்கின்றன. உடை வடிவமைப்பாளருக்கு அது பாராட்டா என்று தெரியவில்லை. தம் நிறுவனத்தைத் தொடங்கிய 2001 முதல் தோலையே பயன்படுத்தாதவர் அவர். எனக்கு அவ்வளவு உறுதி கிடையாது, ஏனென்றால் நான் உட்காரும் சேணமே தோல்தான். தொகுப்பில் தோல் வேண்டாம் என்று விட்டேன். ஆனால் சேணம் தைப்பவரின் தையலை விட மனம் வரவில்லை. மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இரண்டையும் செலுத்தி இழுக்கும் தையல் அது. ஓரிடத்தில் அறுந்தாலும் இயந்திரத் தையலைப் போல மளமளவென்று பிரிந்து வராது. பைகளையும் இடுப்புப் பட்டைகளையும் அப்படியே கையால் தைத்தோம்.

பை எல்லா உடைகளிலும் இடப்பக்கம் மட்டுமே. வலப்பக்கத்தில் வைத்தால் அதிலுள்ள வெல்லக் கட்டியைச் செவலை நடந்துகொண்டே எடுத்துவிடுவாள். முதல் மாதிரி உடையை அணிந்துகொண்டு லாயத்துக்குப் போனேன். அவள் வலக்கையை முகர்ந்தாள், முன்னால் வந்து கழுத்தை வளைத்து, நேராக இடப்பக்கப் பையில் மூக்கை நுழைத்தாள். பிறகு அந்தப் பைக்கு மூடியும் துணிப் பொத்தானும் வைத்தேன். அதை அவிழ்க்க அவளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. வணக்கம்.