கருப்பட்டியில் ஒரு கேக்

நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பலர் இப்போது அடுப்படியில்தான் இருப்பீர்கள். குக்கர் கூப்பிட்டால் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். முக்கியமானதை நான் மறுபடியும் சொல்வேன்.

நாகர்கோவில் பக்கத்தில் வளர்ந்தவள் நான். டிசம்பர் பிறந்தால் எங்கள் தெருவில் தட்டுகள் வீடுவீடாகப் போய்வரும். தீபாவளிக்கு எங்கள் வீட்டு முறுக்கும் அதிரசமும் போன தட்டு, கிறிஸ்துமஸுக்குக் கேக் துண்டுகளோடு திரும்பி வரும். அந்தக் கேக்கை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். கிராம்பு, ஜாதிக்காய், கருக்கிய சீனி. எல்லாமே எங்கள் அஞ்சறைப் பெட்டியிலும் சமையலறையிலும் இருக்கிற சாமான்கள். பிறகு ஏன் அது நம் வீட்டில் வராது என்று அம்மாவைக் கேட்டேன். அந்தக் கேள்விதான் என்னை முப்பது ஆண்டுகளாக மாவுக்கும் முட்டைக்கும் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறது.

வீட்டில் ஆசைக்காகச் சமைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வந்திருக்கிறேன். ஒரு குறிப்பைக் கையில் எடுத்தால், அதில் உள்ள ஒவ்வொரு பொருளையும் பார்த்து, "இது இங்கே என்ன வேலை செய்கிறது?" என்று கேளுங்கள். வேலை தெரிந்துவிட்டால் ஆளை மாற்றலாம். வேலை தெரியாமல் ஆளை மாற்றினால் கேக் உட்கார்ந்துவிடும்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று உண்டு. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கேரளத்துத் தலச்சேரியில் மாம்பள்ளி பாப்பு என்று ஒருவர் இருந்தார். பர்மாவில் பிஸ்கட் செய்யக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பி, 1880-இல் ஒரு பிஸ்கட் தொழிற்கூடம் தொடங்கினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1883-இல், அஞ்சரக்கண்டியில் இலவங்கப்பட்டைத் தோட்டம் வைத்திருந்த பிரவுன் என்ற துரை கிறிஸ்துமஸ் சமயத்தில் அவரிடம் வந்தார். கையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக். "இதைப் போல உன்னால் செய்ய முடியுமா?" என்று கேட்டார். பாப்பு அதுவரை கேக் செய்தவர் இல்லை. துரை வாயாலேயே செய்முறையைச் சொல்லி, பேரீச்சம்பழம், உலர்ந்த திராட்சை, கோகோ எல்லாம் கொடுத்து, பிராந்தியை மட்டும் மாஹேயில் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார். மாஹே அப்போது பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்த ஊர், பக்கத்திலேயே இருக்கிறது.

பாப்பு மாஹேக்குப் போகவில்லை. முந்திரிப் பழமும் கதலி வாழைப்பழமும் சேர்த்து வடித்த உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார். அச்சு வேண்டுமே, அதற்குத் தருமடத்துக் கொல்லரிடம் சொல்லிச் செய்துகொண்டார். மணத்துக்கு மலபார் மண்ணில் விளைந்த மசாலாக்கள். கேக் துரையின் மேசைக்குப் போனது. ஒரு வாய் சாப்பிட்டவர் இன்னும் ஒரு டஜன் வேண்டும் என்றார். அந்தக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை இது.

கவனித்தீர்களா? பிராந்தியின் வேலை பழங்களை ஊறவைப்பதும் மணம் கொடுப்பதும். அந்த வேலையைத் தன் ஊர்ச் சரக்கும் செய்யும் என்று பாப்புவுக்குத் தெரிந்திருந்தது. கைத்தொழிலில் புதுமை இப்படித்தான் வருகிறது என்று நான் நம்புகிறேன். கடையில் கிடைக்கும் வண்ணத்தையும் சீனிப் பூவையும் மேலே குத்துவதை நான் புதுமையில் சேர்ப்பதில்லை.

சரி, நம் அடுப்படிக்கு வருவோம். முதலில் ஒரு தராசு வாங்குங்கள். இதை மறுபடியும் சொல்கிறேன்: அச்சு வாங்குவதற்கு முன், ஓவன் வாங்குவதற்கு முன், தராசு. நம்மிடம் இருக்கும் குறிப்புகளில் "ஒரு கப் மைதா" என்று இருக்கும். அதே கப்பில் மைதாவைக் கரண்டியால் லேசாக அள்ளிப் போட்டால் சுமார் 120 கிராம் இருக்கும். அழுத்தி நிரப்பினால் 150 கிராம்கூட வந்துவிடும். முப்பது கிராம் மாவு கூடினால் கேக் வறண்டுபோகும். பாவம், குறிப்பு எழுதியவர்மேல் பழி விழும்.

பவுண்டு கேக் என்று ஒன்று உண்டு. மாவு, வெண்ணெய், சீனி, முட்டை நான்கும் ஒவ்வொரு பவுண்டு. அதுதான் பெயருக்குக் காரணம். நமக்கு ஒரு பவுண்டு எதற்கு? மூன்று முட்டையை உடைத்து நிறுத்துப் பாருங்கள். 150 கிராம் வந்தால் மற்ற மூன்றும் 150 கிராம். முட்டை சிறியதாக இருந்து 135 வந்தால் மற்றவையும் 135. எழுதி வைக்கக்கூடத் தேவையில்லை. எங்கள் பாட்டி அரிசிக்கும் உளுந்துக்கும் உழக்குக் கணக்கு வைத்திருந்தார், நாலுக்கு ஒன்று என்று. அதே மாதிரியான கணக்குதான் இது.

இந்தக் கேக்கில் சீனியின் வேலை இனிப்பு மட்டும் என்று நினைத்துத்தான் நான் முதலில் ஏமாந்தேன். உடன்குடிக் கருப்பட்டி வீட்டில் இருந்தது. சீனியை எடுத்துவிட்டு அதே எடைக்குக் கருப்பட்டியைப் பொடித்து வெண்ணெயில் போட்டுக் குழைத்தேன். கேக் களி மாதிரி வந்தது, வாயில் மணல் வேறு நறநறத்தது. இரண்டு முறை செய்தும் அதேதான். பிறகுதான் புரிந்தது. சீனியின் கூரான மணிகள் வெண்ணெய்க்குள் உரசும்போது நுண்ணிய காற்றுக் குமிழ்களைச் சிறைப்பிடிக்கின்றன. கேக் உப்புவதற்கு அந்தக் குமிழ்கள்தான் அடிப்படை. ஈரப் பிசுக்குள்ள கருப்பட்டியால் அந்த வேலையைச் செய்ய முடியாது. அப்படியானால் காற்றை வேறு வழியில் கொண்டுவர வேண்டும்.

வேறு வழி நம் வீட்டிலேயே இருக்கிறது: ஆப்பச் சோடாவும் புளித்த தயிரும். சோடா உப்பு புளிப்பைச் சந்தித்தால் கரியமில வாயு பொங்கும். புளிப்பு போதாமல் சோடா மிஞ்சினால் கேக்கில் சோப்பு வாடை அடிக்கும். பலர் இதற்குப் பயந்தே சோடாவை ஒதுக்குகிறார்கள். குறைக்க வேண்டியது சோடாவை, அல்லது கூட்ட வேண்டியது தயிரை. கால் தேக்கரண்டி சோடாவுக்கு அரை கப் புளித்த தயிர் என்று நினைவில் வையுங்கள்.

இப்போது என் கருப்பட்டிக் கேக்கின் அளவு. எழுதிக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். 150 கிராம் கருப்பட்டியைக் கால் கப் தண்ணீரில் சூடுபடுத்திக் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். மணல் துணியில் தங்கிவிடும். நன்றாக ஆறட்டும். சூடாக ஊற்றினால் முட்டை வெந்து திரியும். அதில் இரண்டு முட்டை, 80 மில்லி தேங்காய் எண்ணெய், கால் கப் புளித்த தயிர் சேர்த்து அடியுங்கள். கேழ்வரகு மாவு 75 கிராம், மைதா 75 கிராம், கால் தேக்கரண்டியில் பாதி அளவு சோடா, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். இவற்றைச் சலித்து, ஈரக் கலவையில் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணிலிருந்து மறையும் வரை மட்டும் கிளறுங்கள்.

கருப்பட்டி கரைக்கத் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம், ஆகையால் பால் சேர்க்கவில்லை. கவனியுங்கள், தண்ணீரும் ஒரு பொருள்தான், அதற்கும் கணக்கு உண்டு. முழுக்கக் கேழ்வரகில் செய்தால் ஏன் உதிர்கிறது என்று கேட்பீர்கள். கோதுமையில் உள்ள ஒட்டும் தன்மை கேழ்வரகில் கிடையாது. மைதாவின் வேலை பிடித்து நிறுத்துவது. அதனால்தான் பாதிக்குப் பாதி.

ஓவன் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். அடி கனத்த அலுமினியப் பாத்திரம் அல்லது இதற்கென்றே ஒதுக்கிய பழைய குக்கர் போதும். குக்கர் என்றால் ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் எடுத்துவிடுங்கள். உள்ளே தண்ணீர் கிடையாது. ஒரு விரல்கடை உயரத்துக்குக் கல்லுப்பு பரப்பி, அதன்மேல் தட்டு உட்கார ஓர் உலோக வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்றுங்கள். பிறகு மாவுத் தட்டை உள்ளே வைத்துச் சிறு தீயில் 40 முதல் 45 நிமிடம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். இதையும் மறுபடி சொல்கிறேன், திறக்காதீர்கள். குமிழ்கள் உறுதியாகும் முன்னே வெப்பம் இறங்கினால் நடுவில் குழி விழும். மேல்பக்கம் ஓவனில் வெந்ததைப் போலச் சிவக்காது. வெப்பம் பெரும்பாலும் கீழேயிருந்துதான் வருகிறது. கருப்பட்டிக் கேக்குக்கு அது குறையே இல்லை, அதன் நிறமே அழகு.

ஆறியதும் உடனே வெட்ட ஆசை வரும். மறுநாள் வரை பொறுத்தால் சுக்கின் மணம் உள்ளே இறங்கியிருக்கும். எங்கள் வீட்டில் அப்படிப் பொறுத்தது இதுவரை இரண்டு முறைதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. ரொட்டியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக இவ்வளவுதான்: வெளிநாட்டுக் குறிப்புகளில் மாவு ஒன்றரை மணி நேரம் பொங்க வேண்டும் என்றிருந்தால், நம் சித்திரை வெயிலில் அதற்குப் பாதி நேரமே போதும். கடிகாரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள். அளவில் இரண்டு மடங்காகிவிட்டதா? விரலால் குத்தினால் குழி மெல்ல மேலே எழுகிறதா? அடுப்பில் வைக்கலாம். இட்லி மாவு பொங்கி வழிவதற்குள் எழுந்து பார்க்கிற நமக்கு இது புதிதல்ல. ஈஸ்ட்டைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, மாவை இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் சுவை இன்னும் கூடும். தண்ணீர் எவ்வளவு என்று கேட்பீர்கள். 300 கிராம் மைதாவுக்கு 190 மில்லியில் தொடங்குங்கள். கையில் ஒட்டுகிறதே என்று மேலும் மாவு தூவாமல், பத்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் பிசையுங்கள்.

நேரம் ஆகிவிட்டது. வணக்கம்.