சிங்கப்பூர் வெயிலில் சுவெட்டர் எதற்கு? சர்வர் அறைக்குள் ஒளிந்திருக்கும் தொழில்

[காட்சி: வீவக புளோக்கின் கீழ்த்தளம். வெளியே நல்ல வெயில். கையில் ஒரு சுவெட்டர்.]

வணக்கம்! வெளியே 32 டிகிரி, என் கையில் சுவெட்டர். பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்தபோது வேலைப் பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில், சர்வர் அறைக்குள் நுழைய இதைப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். "யாருக்கு அண்ணே இவ்வளவு குளிர்?" என்று கேட்டேன். "மிஷினுக்குத்தான் தம்பி" என்றார். மிஷினுக்கு அவ்வளவு குளிர் தேவையே இல்லை என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 7 விழுக்காடு தரவு நிலையங்களுக்கு, அதாவது இணையத்துக்கு வேலை செய்யும் சர்வர் கணினிகள் வரிசையாக நிற்கும் கட்டடங்களுக்குப் போகிறது. அதனால் 2019இல் புதிய நிலையங்களுக்கு அனுமதி நின்றது. 2022இல் நிபந்தனைகளோடு மீண்டும் வந்தது. 2023இல் தகவல்தொடர்பு, ஊடக மேம்பாட்டு ஆணையம் வெப்பமண்டலத்துக்கென்றே ஒரு தரநிலை வெளியிட்டது: அறையை 26 டிகிரிக்கும் அதற்கு மேலும் ஏற்றலாம், ஒவ்வொரு டிகிரிக்கும் குளிரூட்டும் மின்சாரத்தில் 2 முதல் 5 விழுக்காடு மிச்சம்.

சரி, அப்படியே 35க்கு ஏற்றிவிட்டால் என்ன?

[காட்சி: மேசையில் உள்ளங்கை அளவு சர்வர் விசிறி.]

பதில் இந்த விசிறியில் இருக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இதுதான். இந்த விசிறியின் வேகத்தை 100இலிருந்து 80க்குக் குறைத்தால் அது இழுக்கும் மின்சாரமும் 80 ஆகும் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை, 51! வேகத்தை மூன்று தடவை பெருக்க வேண்டும்: 0.8 × 0.8 × 0.8. பாதி வேகத்தில் ஓட்டினால் எட்டில் ஒரு பங்குதான். முதல்முறை போட்டுப் பார்த்தபோது கால்குலேட்டர் தப்பு என்று நினைத்தேன். வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஆனால் இதே கணக்கு திருப்பியும் அடிக்கும். அறை சூடானால் சர்வருக்குள் இருக்கும் விசிறிகள் தாமாகவே வேகமெடுக்கும். வேகம் 20 விழுக்காடு கூடினால் மின்சாரம் 73 விழுக்காடு கூடும். ஏர்கானில் மிச்சம் பிடித்ததை இவை தின்றுவிடும். ஆக, ஒவ்வோர் அறைக்கும் சரியான புள்ளி ஒன்று உண்டு. அளந்து பார்த்தால்தான் அது கிடைக்கும்.

அந்தச் சுவெட்டர் அறையில் சர்வர் அடுக்கின் முன்பக்கம் கையை நீட்டினேன். சில்லென்று காற்று. ஒரு காலி இடைவெளி முன் மட்டும் வெதுவெதுப்பு: பின்னால் போக வேண்டிய சூடு அந்தச் சந்து வழியே திரும்பி வந்துகொண்டிருந்தது. அதை அடைக்க ஒரு பிளாஸ்டிக் தகடு போதும். தகடு போடாமல் ஏர்கானின் டிகிரியைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

இதில் தொழில் இருக்கிறது நண்பர்களே! நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த ரெட் டாட் அனலிட்டிக்ஸ், தரவு நிலையத்தின் மின்சாரத்தைக் குறைக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளையே விற்கிறது. என் கருத்து: பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டு புராஜெக்ட்டுக்கு, அது எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதற்கும் மதிப்பெண் போட வேண்டும். கூடவே, மின்சாரத்தை மிச்சம் பிடித்துத் தந்தால் அதற்கு யார் பணம் கொடுப்பார்கள் என்றும் கேட்க வேண்டும்.

உங்கள் கல்லூரி லேப்பில் ஏர்கான் எத்தனை டிகிரி? அந்த எண்ணைக் கமெண்ட்டில் போடுங்கள். அடுத்த வீடியோவில் உட்கார்ந்து கணக்குப் போடலாம்.