புள்ளிக் கணக்கில் ஒரு தண்ணீர்க் கூலி

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடித் தண்ணீரின் ருசியைப் பற்றிக் கேட்டால் ஊர்க்காரர்கள் சம்பை ஊற்றின் பெருமையைச் சொல்லி ஓயமாட்டார்கள். அந்த ஊற்றுக்குள் இறங்கும் மழை எந்த மேட்டில் விழுகிறது, அங்கே யார் ஆடு மேய்க்கிறார்கள், யார் விறகு பொறுக்குகிறார்கள் என்று கேளுங்கள், பேச்சு நின்றுவிடும். நான் பேச வந்தது அந்த ஆட்களைப் பற்றி.

காட்டையும் ஊற்றையும் கண்மாயையும் காப்பவர்களுக்கு, அதனால் பலன் பெறுகிறவர்கள் பணம் கொடுக்க வேண்டும் என்று ஓர் ஏற்பாடு உலகம் முழுக்க நடக்கிறது. சூழல் சேவைக் கட்டணம் என்று அதற்குப் பெயர். கண்மாய் மடையைப் பார்த்துக்கொண்ட நீர்பாய்ச்சிக்குக் களத்துமேட்டிலேயே நெல் அளந்து கொடுத்த ஊர்கள் நம்முடையவை. ஆகவே கருத்து நமக்குப் புதிதல்ல. யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல்.

மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகா 1997-இல் இதை நாடு தழுவிய திட்டமாகத் தொடங்கியது. பெட்ரோல், டீசல் மீதான வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை அழிக்காமல் வைத்திருக்கும் நில உரிமையாளருக்குக் கொடுத்தார்கள். காட்டைக் காப்பதற்காக வந்த திட்டம் அது. வறுமை ஒழிப்பு அதன் முதல் வேலை அல்ல. ஆனாலும் நடந்ததைக் கவனியுங்கள். ஆரம்பத்தில் நிலப்பத்திரம் கேட்டார்கள். பத்திரம் இல்லாத சின்னக் குடியானவன் வாசலிலேயே நின்றுவிட்டான். மனு எழுதவும், வரைபடம் போடவும், அலுவலகத்துக்கு நடக்கவும் ஆகிற செலவு இரண்டு ஏக்கர்காரனுக்கும் இருநூறு ஏக்கர்காரனுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் பெரிய நிலக்காரர்களுக்கே அது கட்டுப்படியானது.

அதே விதியை நம்மூரில் போட்டுப் பாருங்கள். மேட்டுநிலத்தில் பாதிக்குப் பட்டாதாரர் சென்னையிலோ மலேசியாவிலோ இருப்பார். பட்டாவைப் பார்த்துப் பணம் போட்டால், அது சம்பைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் கோலாலம்பூர் போய்ச் சேரும். மேய்ச்சலை விட்டுக்கொடுத்த ஆட்டுக்காரருக்கு மிஞ்சுவது "இங்கே மேய்க்காதே" என்ற பலகை மட்டும்.

சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட நேரம் நினைவிருக்கும். எல்லோரும் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசினோம். சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டங்களில் அந்த மரத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்களைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அந்த மரத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. வேரோடு பிடுங்கும் வேலையும், அதில் கிடைக்கும் கரியும் முதலில் அவர்களுக்கு என்று எழுதிவைத்த பிறகு நிலத்துக்காரருக்கு ஊக்கத்தொகை கொடுங்கள் என்கிறேன்.

இதைச் சரியாக யோசித்த ஊர் ஒன்று ஹரியானாவில் இருக்கிறது. சுகோமாஜ்ரி. சண்டிகர் நகரத்தின் சுக்னா ஏரி 1970-களில் வண்டலால் தூர்ந்துகொண்டே வந்தது. மேலே மலையடிவாரத்தில் ஆடுமாடு மேய்ந்து மண் கரைந்துதான் அந்த வண்டல் வந்தது. மேய்க்காதே என்று சொன்னால் யார் கேட்பார்கள்? ஊருக்கு மேலே சிறு மண் அணைகள் கட்டி, பாசன நீர் கொடுத்தார்கள். நிலம் இல்லாதவர் கேட்டார்: எனக்கு இந்தத் தண்ணீர் எதற்கு? அங்கேதான் திருப்பம். நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஒரு பங்கு தண்ணீர். நிலமில்லாதவர் தன் பங்கைப் பக்கத்து வயல்காரருக்கு விற்கலாம். அதன் பிறகு ஆடுகளை மலையிலிருந்து இறக்க அவருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. ஏரிக்கு வந்த வண்டலும் குறைந்தது.

வீட்டுக்கு ஒரு பங்கு என்பது செட்டிநாட்டுக்கு விளங்காத கணக்கா? நகரத்தார் கோயில்களில் புள்ளிக் கணக்கு இருக்கிறது. திருமணமான தம்பதி ஒரு புள்ளி. கோடீசுவரர் வீடும் கடனாளி வீடும் ஏட்டில் ஒரே புள்ளிதான். வரி வாங்கப் போட்ட அந்தக் கணக்கைத் திருப்பிப் பிடித்துக் கூலி கொடுக்கப் பயன்படுத்துவோமே! ஊற்றைச் சுற்றியுள்ள கிராமங்களில் எல்லாச் சாதியிலும் தெருவிலும் வீடு வீடாகப் புள்ளி எழுதலாம். கணவனை இழந்தவர் வீட்டை அரைப்புள்ளியாக எழுதும் பழக்கத்தை மட்டும் இங்கே கொண்டுவரக் கூடாது. விறகுக்கும் தண்ணீருக்கும் அலைகிறவர்களில் அவர்களே அதிகம்.

பணத்துக்கு எங்கே போவது? மகமை என்ற வழியும் இங்கே பழக்கமானதுதான். வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்குகிறோம். பழைய வீடுகளை விடுதியாக்கி நடத்துகிறவர்கள் அறை வாடகையிலும், மாநகராட்சி குடிநீர்க் கட்டணத்திலும் ஒரு துளி ஒதுக்கினால் போதும். இமாச்சலப் பிரதேசத்தின் பாலம்பூர் நகராட்சி, தன் குடிநீர் ஊற்றின் மேல்பகுதிக் காட்டைக் காக்கும் கிராமத்தாரோடு 2010-இல் ஒப்பந்தம் போட்டு ஆண்டுதோறும் பணம் தர ஒப்புக்கொண்டது. சின்னத் தொகைதான். ஆனால் நகரம் கிராமத்துக்குக் கடன்பட்டிருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டது அல்லவா!

ஒப்பந்தத்தில் ஒரு வரியை மிகக் கவனமாக எழுத வேண்டும். ஊற்றில் நீர் எவ்வளவு ஏறியது என்று பார்த்துக் கூலி தரக் கூடாது. மழை பொய்த்த ஆண்டில் குழி வெட்டியவர், கன்று நட்டவர், ஆட்டைக் கட்டிப் போட்டவர் என்ன செய்வார்? செய்த வேலைக்குக் கூலி. வானத்தின் கணக்கு நகரத்தோடு இருக்கட்டும். நேரமும் முக்கியம். புல்லும் கன்றும் தழைக்க ஐப்பசியிலிருந்து மேய்ச்சலை நிறுத்தச் சொல்வோம். வயலில் நெல் நிற்கும் அதே மாதங்களில் ஆட்டுக்குப் போக்கிடமே அந்தப் புறம்போக்குதான். பாதித் தொகை புரட்டாசியிலேயே கைக்கு வந்தால்தான் தீவனம் வாங்க முடியும். தையில் வரும் காசோலைக்காக ஆடு காத்திருக்காது.

எல்லாவற்றுக்கும் விலை வைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திருப்பத்தூருக்குப் பக்கத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறை நன்றியாக இனிப்புக் கொடுக்கிறது. அந்த இடத்தில் வீட்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று நிர்ணயித்தால் கெட்டது காரியம். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் ஓர் ஆய்வு நடந்தது. குழந்தைகள் காப்பகங்களில் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் போட்டார்கள். தாமதம் அதிகமானது. காசு கட்டிவிட்டோம், இனி எப்போது வந்தால் என்ன என்ற நினைப்புத்தான். அபராதத்தை நிறுத்திய பிறகும் தாமதம் குறையவில்லை. அதனால் கொள்ளுக்குடிப்பட்டிக்குச் செய்வதை ஊர்ப் பொதுவுக்குச் செய்யலாம். கண்மாய் வரத்துக்காலைச் சீர்செய்து கொடுக்கலாம். வெடிக்காததற்கு விலை பேச வேண்டாம்.

சம்பை விஷயத்தில் கடைசியாக ஒன்று. ஒப்பந்தம் எத்தனை ஆண்டுக்கு? உகாண்டாவில் 121 கிராமங்களில் நடந்த சோதனையில், பணம் பெற்ற ஊர்களில் மரப்பரப்பு நான்கு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான் குறைந்தது. பெறாத ஊர்களில் ஒன்பது விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. அந்தத் திட்டம் ஓடியது இரண்டே ஆண்டு. இரண்டு ஆண்டு வாக்கை நம்பி யாரும் வேம்பும் இலுப்பையும் நடமாட்டார்கள். குறைந்தது பத்து ஆண்டு என்று எழுதுங்கள். எழுதும் கூட்டத்தை ஆட்டுக்காரர்கள் வீடு திரும்பிய பிறகு, சாயங்காலத்தில் வையுங்கள்.

வணக்கம்.