மஞ்சள் காமாலை விடுப்பு

நேயர்களுக்கு வணக்கம். கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரர் ஒருவர் குடியை விட சிகிச்சைக்குப் போக நினைத்தால் எங்கே போவார்? வேலந்தாவளம் தாண்டிக் கோயம்புத்தூருக்கு. பொள்ளாச்சிக்காரர்? கோபாலபுரம் வழியாகப் பாலக்காட்டுக்கு. இரண்டு பக்கமும் மருத்துவம் இருக்கிறது. தெரிந்த முகம் எதுவும் பார்த்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பாட்டில் வாங்கும் வரிசையில் இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது, கவனித்திருப்பீர்கள்.

நான் போதை மீட்பு ஆலோசகன். இன்று பேச வந்தது மாதச் சம்பளக்காரர்களைப் பற்றி. வங்கி அதிகாரி, ஆசிரியர், டாக்டர் யாராக இருந்தாலும், சிகிச்சைக்கு விடுப்பு கேட்கும்போது 'மஞ்சள் காமாலை' என்றே எழுதுகிறார்கள். குடியால் நிஜமாகவே காமாலை வரும் என்பது வேறு விஷயம். இந்தப் பொய்யில் ஒரு வசதி உண்டு. காமாலை வந்தவருக்கு ஆறு மாதம் யாரும் ஊற்றித் தரமாட்டார்கள். சரி, ஏழாவது மாதம்? அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு, பார்ட்டி. "அதான் சரியாயிடுச்சே சார்" என்று கிளாஸை நீட்டுவார்கள். நீட்டுகிறவர் நல்லவர்தான், அவருக்குத் தெரியாது. பொய் காலாவதியாகிவிட்டது, நோய் ஆகவில்லை. மறுக்க இவருக்கு வேறு காரணம் கிடையாது. மறுபடியும் விழுந்தவர்கள் பலரிடம் இதே ஏழாவது மாதக் கதையைக் கேட்டிருக்கிறேன்.

குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பை 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய இருவரும் நம்மைப்போல வேலைக்குப் போனவர்கள்தாம். ஒருவர் பங்குத் தரகர், இன்னொருவர் அறுவை சிகிச்சை மருத்துவர். வெளியே தெரிந்தால் தொழில் போய்விடும் என்பதுதான் டாக்டரின் பயம். அந்த ஜூன் மாதம் ஒரு நாள் காலை ஆபரேஷன். கை நடுங்குகிறது. நடுக்கம் அடங்க அந்தத் தரகர் நண்பரே ஒரு பீர் கொடுத்து அனுப்பினார். ஆபரேஷன் முடிந்தது, ஆள் வீட்டுக்கு வரவில்லை. யாரிடமெல்லாம் மறைத்தாரோ அவர்களைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு ராத்திரிதான் வந்தார். 1950இல் இறக்கும்வரை அப்புறம் அவர் தொடவே இல்லை. தொழிலும் போகவில்லை.

ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லவில்லை. அலுவலகத்தில் ஒரே ஒருவருக்கு உண்மை தெரியட்டும், பார்ட்டியில் பக்கத்தில் உட்கார.

அப்புறம், பல வருடம் தினமும் குடித்தவர் ஞாயிற்றுக்கிழமை லீவில் தானாகவே நிறுத்திப் பார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம். வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் மேற்பார்வை வேண்டும்.

குடும்பத்தார் பற்றி நிறைய வைத்திருந்தேன், நேரம் முடிந்தது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்பும் அடங்கும், சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது உங்கள் உரிமை. கேரளத்தில் போதை மீட்புக்கான 'விமுக்தி' உதவி எண் 14405. எல்லைக்கு இரண்டு பக்கமும் மனநல உதவிக்கான 'டெலி மானஸ்', 14416, தமிழிலும் பேசலாம். நன்றி, வணக்கம்.