'ஈவெண்ட்' என்று கூப்பிட்டேன், வந்தது வேறு ஆள்!

[திரை கருப்பு. நடுவில் ஒரு பிழைச் செய்தி]

பிஎச்பி மொழியில் வலைத்தளம் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க்கான லாராவெலில் வேலை. டேபிள் ரெடி. அந்த டேபிளோடு பேச ஈவெண்ட் என்று மாடல் கிளாஸும் எழுதியாச்சு. பிளேடு கோப்பில், அதாவது பக்கத்தின் வார்ப்பில் போய் ஈவெண்டின் ஃபைண்ட் மெத்தடைக் கூப்பிட்டால், லாராவெல் என்ன சொல்கிறது தெரியுமா? டிஸ்பாட்சரில் ஃபைண்ட் என்று ஒரு மெத்தடே இல்லையாம்! யாருங்க அந்த டிஸ்பாட்சர்? நான் அவரைக் கூப்பிடவே இல்லையே!

இதில் என் அரை நாள் போச்சு. உங்கள் அரை நாளாவது பிழைக்கட்டும், அதற்குக் கூலியாக ஒரு லைக் போட்டுவிடுங்கள்.

வரலாறு வேண்டுமா? சட்டென்று முடிக்கிறேன். 2009-ல் பிஎச்பி 5.3 வரும்வரை நேம்ஸ்பேஸ் (என்னவென்று அடுத்துச் சொல்கிறேன்) கிடையாது, ஒரே பெயரில் இரண்டு கிளாஸ் வைக்க முடியாது. இன்னொரு ஃபிரேம்வொர்க்கான கோட்இக்னைட்டர் 3-லும் யூசர் கண்ட்ரோலரும் (வரும் கோரிக்கையைக் கையாளும் கிளாஸ்) யூசர் மாடலும் முட்டிக்கொள்ளும். அதனால்தான் மாடல் பெயருக்குப் பின்னால் 'அண்டர்ஸ்கோர் மாடல்' என்று ஒரு வால். அவ்வளவுதான் வரலாறு.

நேம்ஸ்பேஸ் என்றால் இனிஷியல். ஒரே வகுப்பில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் இனிஷியல் சேர்த்துக் கூப்பிடுவோமே, அதேதான். (கிளாஸ் என்றாலும் வகுப்புதானே!)

நம் பிளேடு கோப்பு நேம்ஸ்பேஸ் இல்லாத பொது இடத்தில் ஓடுகிறது. இனிஷியல் இல்லாமல் 'ஈவெண்ட்' என்று கத்தினால், அந்தப் பெயரை லாராவெல் ஏற்கெனவே தன் ஃபசாடுக்கு (வேலையை உள்ளே இருப்பவரிடம் தள்ளும் முகப்புக் கிளாஸ்) அலியாஸாக, அதாவது மாற்றுப் பெயராகக் கொடுத்து வைத்திருக்கிறது. அந்த ஃபசாட் ஓடி வந்து, வேலையை, லாராவெலுக்குள் நிகழ்வுகளை அறிவிக்கும் டிஸ்பாட்சர் தலையில் கட்டிவிடுகிறது. மர்மம் தீர்ந்ததா?

[திரையில் ஒற்றை வரி கோட்]

இந்த வீடியோவில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். பெயர் யாருடையது என்று ஊகிக்கவே வேண்டாம், பிஎச்பியையே கேளுங்கள். கிளாஸ்களைப் பற்றி விசாரிக்கவே அதில் ஒரு கிளாஸ் உண்டு. ரிஃப்ளெக்‌ஷன்கிளாஸில் 'ஈவெண்ட்' என்று கொடுத்து கெட்ஃபைல்நேம் கூப்பிடுங்கள். அந்தக் கிளாஸ் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று முழுப் பாதையையும் துப்பிவிடும். பாதையில் 'வெண்டார்' (பிறர் எழுதிய கோடு இருக்கும் ஃபோல்டர்) என்று இருந்தால், அது உங்கள் கிளாஸ் இல்லை. ஃபால்ஸ் என்று வந்தால், அது பிஎச்பிக்கு உள்ளேயே பிறந்த கிளாஸ்.

சரி, தீர்வு. பிளேடில் முன்னால் பேக்ஸ்லாஷ் வைத்து, ஆப், மாடல்ஸ், ஈவெண்ட் என்று முழுப் பெயரையும் எழுதுங்கள். அதைவிட, அந்த வரியையே கண்ட்ரோலருக்குத் தூக்கிவிடுங்கள், பிளேடில் அதற்கு என்ன வேலை? ஒரே கண்ட்ரோலரில் ஃபசாடும் மாடலும் வேண்டுமா? கிளாஸை உள்ளே கொண்டுவரும் யூஸ் வரியின் கடைசியில் 'ஆஸ்' போட்டு, ஒன்றுக்கு ஈவெண்ட்மாடல் என்று புனைபெயர் கொடுத்தால் போதும்.

ஆனால் இனிஷியலும் காப்பாற்றாத பெயர்கள் உண்டு! 2017-ல் பிஎச்பி 7.2 வந்தபோது 'ஆப்ஜெக்ட்' என்ற சொல்லை மொழியே தனக்கென்று எடுத்துக்கொண்டது. யீ 2 என்ற ஃபிரேம்வொர்க்கின் அடிப்படைக் கிளாஸின் பெயரே அதுதான். நேம்ஸ்பேஸுக்குள் பத்திரமாக இருந்தும் பயனில்லை, பேஸ்ஆப்ஜெக்ட் என்று மாறவேண்டி வந்தது. கேக்பிஎச்பி 2 என்ற ஃபிரேம்வொர்க்குக்கும் இதே கதிதான். பிஎச்பி 7-க்காக அதன் ஸ்ட்ரிங் கிளாஸ் கேக்டெக்ஸ்ட் ஆனது. பாவம்!

இன்னொன்று, கிளாஸ் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தை பிஎச்பி பார்க்காது. ஆனால் கிளாஸின் பெயரை வைத்துத்தான் அதன் கோப்பைத் தேடுவார்கள், லினக்ஸோ கோப்புப் பெயரில் பார்க்கும். உங்கள் கணினியில் ஓடியது சர்வரில் படுத்துவிட்டால் முதலில் அங்கே பாருங்கள்.

நான் இப்போதும் மாடலுக்கு ஈவெண்ட் என்றுதான் பெயர் வைக்கிறேன், வால் ஒட்டுவது எனக்கு ஆகாது. நீங்கள் வால் கட்சியா, இனிஷியல் கட்சியா? கமெண்டில் சண்டை போடலாம், வாங்க.